டிசம்பர் 26, திங்கட்கிழமை: பேன்டமைம் விளம்பர அட்டைகளைப் படிப்பது

இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் கால நாடகமான பேன்டமைமின் பழைய விளம்பர அட்டைகளில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. நாடகத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், அரங்கின் பெயர் இருக்கும், "டிசம்பர் 26, திங்கள் முதல்" என்று தேதியும் கிழமையும் இருக்கும். ஆண்டு போட வேண்டிய தேவை அன்று யாருக்கும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பு கைக்கு வந்து, நாடகம் முடிந்ததும் குப்பைக்குப் போக வேண்டிய அட்டை அது. நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் ஒருத்தர் அதைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அச்சகத்தில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கிழமை போதும். 1880-க்கும் 1910-க்கும் இடையில் டிசம்பர் 26 திங்கட்கிழமையாக வந்த ஆண்டுகள் ஆறே ஆறு: 1881, 1887, 1892, 1898, 1904, 1910. அடுத்து அரங்க மேலாளரின் பெயரைப் பார்க்க வேண்டும். லண்டனின் ட்ரூரி லேன் அரங்கை 1879-இலிருந்து 1896-இல் இறக்கும்வரை நடத்தியவர் அகஸ்டஸ் ஹாரிஸ். அவருக்கு 1891-இல்தான் 'சர்' பட்டம் கிடைத்தது. ஆகவே அட்டையில் திங்கட்கிழமையும் இருந்து, 'சர் அகஸ்டஸ் ஹாரிஸ்' என்றும் இருந்தால், அது 1892-ஆகத்தான் இருக்க முடியும். அந்தப் பருவத்து நாடகத்தின் பெயர் 'லிட்டில் போ-பீப், லிட்டில் ரெட் ரைடிங் ஹூட், ஹாப் ஓ மை தம்ப்'. மூன்று குழந்தைக் கதைகளை ஒரே தலைப்பில் கோத்திருந்தார்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமியாக மேரி லாய்ட் நடித்தார். நகைச்சுவை நடிகர் டேன் லீனோவும் அதில் இருந்தார். படத்தைப் பார்த்தால் இவற்றில் ஒன்றும் தெரியாது. எல்லாம் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

இந்த அட்டைகளைப் பற்றி எழுதுபவர்கள் அனேகமாகப் படங்களைப் பற்றியே எழுதுகிறார்கள். படங்கள் அழகுதான், மறுக்கவில்லை. எனக்கு அந்தப் பொடி எழுத்தும் பின்பக்கமும் பெரிது. படம் வரையப்பட்ட நாளில் நாடகமே உருவாகியிருக்காது. படத்தில் இருப்பது நடக்கப்போவதாகச் சொல்லப்பட்ட ஒன்று. யார் நடத்தினார்கள், எத்தனை மணிக்குத் திரை தூக்கினார்கள், குழந்தைக்கு எவ்வளவு வாங்கினார்கள், வெளியூர்க்காரர்கள் எந்த ரயிலில் திரும்பினார்கள் என்பதெல்லாம் ஓரத்தில் இருக்கிறது.

பேன்டமைம் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் மைம் என்று சொல்லும் பேசாத நடிப்புக்கும் இதற்கும் இன்று சம்பந்தம் குறைவு. இங்கிலாந்தின் பேன்டமைம் கூச்சலும் பாட்டும் கேலியும் நிறைந்த கிறிஸ்துமஸ் கால நாடகம். சிண்ட்ரெல்லா, அலாவுதீன், டிக் விட்டிங்டன் மாதிரி ஊரறிந்த கதைதான் இருக்கும். கதாநாயகனாக ஒரு பெண் நடிப்பார், வயதான அம்மா வேடத்தில் ஓர் ஆண் வருவார், குழந்தைகள் இருக்கையிலிருந்தே மேடைக்குப் பதில் குரல் கொடுப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அரங்க மேலாளர் ஜான் ரிச் காலத்தில் ஹார்லிக்வின் என்ற முகமூடிக்காரன் பேசாமலேயே ஆடி மாயம் செய்வதுதான் அதன் உயிராக இருந்தது. 1806 டிசம்பர் 29 அன்று கோவன்ட் கார்டனில் 'ஹார்லிக்வினும் மதர் கூஸும், அல்லது பொன் முட்டை' அரங்கேறி, கோமாளி ஜோசப் கிரிமால்டியின் பெயர் ஊரெங்கும் பரவியது. 1843-இல் நாடக அரங்குகள் சட்டம் வந்தபின் வசன நாடகம் நடத்தும் உரிமை எல்லா அரங்குகளுக்கும் கிடைத்தது. அதன்பிறகு பேச்சும் பாட்டும் ஏறிக்கொண்டே போய், ஹார்லிக்வின் கடைசிக் காட்சிக்கு ஒதுங்கினான்.

அட்டைகளின் கதையை நான் 1765-இலிருந்து தொடங்குவேன். அப்போது லண்டனில் ராபர்ட் சேயர் என்ற படவியாபாரி, மேடையில் ஓடிக்கொண்டிருந்த பேன்டமைம் கதைகளை மடிப்புத் தாள்களாக அச்சிட்டு விற்கத் தொடங்கினார். ஒவ்வொரு படத்தின் மீதும் மேல்பாதி, கீழ்பாதி என இரண்டு மூடிகள் இருக்கும். மேல் மூடியைத் தூக்கினால் ஆளின் தலை மாறும், கீழ் மூடியை இறக்கினால் உடல் மாறும். வண்ணம் தீட்டாதது ஆறு பென்ஸ், தீட்டியது ஒரு ஷில்லிங். ஹார்லிக்வின் தன் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டினால் மேடையில் வீடு தோட்டமாக மாறும். அந்த வித்தையைத் தாளிலேயே செய்துவிட்டார் சேயர். இது விளம்பரம் அல்ல, விற்பனைச் சரக்கு. ஆனாலும் பிற்கால அட்டைகளில் ஓரத்தில் நீட்டியிருக்கும் தாள் நாக்கைப் பிடித்து இழுத்தால் முகம் மாறுவதும், மடிப்பைத் திறந்தால் உள்ளே தேவதை நிற்பதும் இந்த வழியில் வந்தவைதான்.

நாம் இன்று ஏலங்களிலும் நூலகத் தளங்களிலும் காணும் வண்ண அட்டைகள் எல்லாம் கல்லச்சு பெற்றெடுத்தவை. பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கண்டுபிடித்த முறை அது. எண்ணெய்ப் பசை உள்ள மையால் சுண்ணாம்புக் கல்லில் வரைய வேண்டும். கல்லை நனைத்து அச்சு மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும், ஈரமான இடம் தள்ளிவிடும். வண்ணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கல். 1837-இல் கோட்ஃப்ரா எங்கெல்மான் பிரான்சில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மஞ்சளுக்கு ஒரு கல், இளஞ்சிவப்புக்கு ஒன்று, அடர்சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று ஒரே அட்டை பத்துப் பன்னிரண்டு தடவை அச்சு எந்திரத்துக்குள் போய் வரும். ஒவ்வொரு தடவையும் முந்தைய அச்சின்மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் தேவதையின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். அப்படிப் போன அட்டைகளும் உண்டு, எனக்கு அவையும் பிடிக்கும். 1894-இல் பம்பாயில் ரவி வர்மா தொடங்கிய அச்சகத்தில் லட்சுமியும் சரஸ்வதியும் இதே முறையில்தான், ஜெர்மன் தொழில்நுட்பர்களின் கையால், அச்சாகி வந்தார்கள். நம் பூஜை அறைப் படத்துக்கும் லண்டன் பேன்டமைம் அட்டைக்கும் தொழில்முறையில் ஒரே தாய்.

ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இந்த உழைப்பைக் கண்ணால் பார்க்கலாம். பிற்காலப் புகைப்பட அச்சில் புள்ளிகள் வரிசை பிசகாமல் சதுரக் கட்டங்களாக நிற்கும். கல்லச்சில் அப்படி இருக்காது. கன்னத்தின் நிழலைக் காட்ட யாரோ ஒருவர் பேனா முனையால் ஆயிரக்கணக்கில் குத்திவைத்த புள்ளிகள் நெருங்கியும் விலகியும் கிடக்கும். அதைச் செய்தவரின் பெயர் அட்டையில் இருக்காது. ஓவியர் பெயர் எப்போதாவது இருக்கும், அச்சகத்தின் பெயர் மூலையில் அனேகமாக இருக்கும், கல்லில் புள்ளி குத்திய கைக்குப் பெயரே இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அதன்பின் தபால் துறை ஒரு கதவைத் திறந்தது. பிரிட்டனில் 1894 செப்டம்பர் 1 முதல் தனியார் அச்சிட்ட அட்டைகளில் அரை பென்னி தபால்தலை ஒட்டி அனுப்பலாம் என்று அனுமதி வந்தது. அப்போதும் ஒரு முகம் முழுக்க விலாசத்துக்கே. எழுத வேண்டியதைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். 1902-இல் விலாசப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுத அனுமதித்தார்கள். உலகிலேயே முதலில் இதைச் செய்தது பிரிட்டன். அன்றிலிருந்து மறுபக்கம் முழுவதும் ஓவியருக்குச் சொந்தமாயிற்று. நாடக அரங்குகளுக்கு இதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை. சுவரொட்டி ஒட்ட வாடகை கொடுக்க வேண்டும், ஆள் வைக்க வேண்டும், மழை பெய்தால் போயிற்று. அட்டையோ வாசலுக்கே போய்ச் சேரும். அரங்கம் இலவசமாகக் கொடுத்த அட்டையில் பார்வையாளரே நாலு வரி எழுதித் தன் காசில் தன் அத்தைக்கு அனுப்பிவைப்பார். அட்டையின் முதுகு நடுக்கோட்டால் பிரிந்திருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே அது 1902-க்கு முன்னதா பின்னதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்து டேவிட் ஆலன் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1857-இல் தொடங்கிய அந்த அச்சகம், நூற்றாண்டு முடிவதற்குள் நாடகச் சுவரொட்டி அச்சில் பிரிட்டனின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றாகிவிட்டது. 1895-இல் அவர்களுக்கு வரையத் தொடங்கியவர் ஜான் ஹாஸல். அவர் கதை எனக்குப் பிடித்த கதை. இளம் வயதில் கனடாவின் மனிடோபாவுக்குப் போய் விவசாயம் பார்த்தவர். பிறகு ஆன்ட்வெர்ப்பிலும் பாரிசிலும் ஓவியம் படித்தார். பாரிசில் அப்போது சுவரொட்டிதான் தெருவின் ஓவியம். அங்கே கண்டதை அவர் லண்டனுக்குக் கொண்டுவந்தார்: தடித்த கறுப்புக் கோடு, நிழல் இல்லாத தட்டையான வண்ணப் பரப்பு, நிறைய வெற்றிடம், முகத்தில் கலகலப்பு. அதற்கு முந்தைய பேன்டமைம் அட்டைகளில் ஒரு விரல் அகல இடம்கூடச் சும்மா இருக்காது. தேவதைகள், காளான்கள், குட்டிச்சாத்தான்கள், பூமாலை, தங்க மை என்று திணித்திருப்பார்கள். ஹாஸல் வரைந்த சிறுமி ஒரே வண்ணப் பின்னணியில் தனியாக நிற்பாள். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தும் தெரிவாள், அட்டையாகச் சுருக்கினாலும் கெடமாட்டாள். அவர் பெயரை இன்று பலரும் 1908-இல் ஸ்கெக்னஸ் கடற்கரைக்காக வரைந்த குதிக்கும் மீனவர் படத்தோடு சேர்த்துத்தான் நினைக்கிறார்கள். என் கணிப்பில், அந்த மீனவரைக் குதிக்கவைக்கத் தேவையான பயிற்சி முழுவதும் பேன்டமைம் படங்களில் கிடைத்ததுதான்.

அச்சகங்கள் குறிப்பிட்ட அரங்குக்காக மட்டும் அச்சிடவில்லை. சிண்ட்ரெல்லாவை எந்த ஊரிலும் யாராவது ஒருவர் போடத்தான் போகிறார்கள். ஆகவே சிண்ட்ரெல்லா படத்தை மொத்தமாக அச்சடித்து, அடியில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வைத்துவிடுவார்கள். வாங்கும் அரங்கம் தன் பெயரையும் தேதியையும் அந்த இடத்தில் அச்சடித்துக்கொள்ளும். நம் ஊர் தினசரி காலண்டரில் முருகன் படம் சிவகாசியில் அச்சாகி, அடியில் கடைப் பெயர் உள்ளூர் அச்சகத்தில் ஏறுவது மாதிரிதான். என்னிடம் அப்படி ஒரு அட்டை இருக்கிறது, அந்த வெற்றிடம் நிரப்பப்படாமலே. சிண்ட்ரெல்லா செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த நடிகை, ஒன்றும் இல்லை. எந்த அரங்கமும் அதை வாங்கவில்லையோ, அல்லது வியாபாரிகளிடம் மாதிரியாகக் காட்ட வைத்திருந்ததோ. அதைப் பார்த்த பிறகுதான் மற்ற அட்டைகளில் அடியில் வேறு மையில், சற்றே சாய்வாக, அவசரமாக ஏறியிருக்கும் அந்த உள்ளூர் எழுத்தின் மதிப்பு எனக்குப் புரிந்தது. அந்த நாலு வரி இல்லாவிட்டால் அட்டைக்கு ஊரும் இல்லை, காலமும் இல்லை.

இப்படி மொத்தமாக அச்சான படம் ஒரு நாடகத்தின் சாட்சியமாக எப்படி இருக்க முடியும்? இருக்க முடியாது. குறிப்பிட்ட அரங்குக்கென்றே வரைந்தவையும் பல நேரம் அதே கதைதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் திரை தூக்க வேண்டுமென்றால் படம் பல வாரங்களுக்கு முன்பே கல்லில் ஏறியாக வேண்டும். ஓவியரிடம் அப்போது இருப்பது உடை வரைபடங்களும் கதைச் சுருக்கமும் மேலாளரின் ஆசையும்தான். கதையே கடைசி நாள்வரை நிலையாக இருக்காது. ட்ரூரி லேனுக்கு 1850-களிலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பேன்டமைம் எழுதியவர் இ. எல். பிளான்ச்சர்ட். அகஸ்டஸ் ஹாரிஸ் வந்து மியூசிக் ஹால் என்ற கேளிக்கை அரங்குகளின் நட்சத்திரங்களையும் பிரம்மாண்ட ஊர்வலங்களையும் உள்ளே கொண்டுவந்தபின், தான் எழுதியது மேடையில் தான் எழுதியபடி வரவில்லை என்று அவர் தன் நாட்குறிப்பில் நொந்துகொண்டார். எழுதியவருக்கே அடையாளம் தெரியாமல் போன நாடகத்தை, எழுதி முடிக்கும் முன்பே வரைந்த ஓவியர் எப்படிக் காட்டியிருப்பார்?

குறிப்பாக உருமாற்றக் காட்சி. குகையோ காடோ மெல்ல மெல்லக் கரைந்து தேவலோகமாக விரியும் இந்தக் காட்சிக்காகவே பலர் டிக்கெட் வாங்கினார்கள். 1849-இல் லைசியம் அரங்கில், ஓவியர் வில்லியம் பெவர்லி ஒரு பனைமரத்தின் ஓலைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். உள்ளே தேவதைகள் நகைக் கிரீடத்தை ஏந்தி நின்றார்கள். அந்த ஓர் இரவு பிறகு வந்த எல்லாப் பேன்டமைமுக்கும் கடன் சுமையாகிவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு அதை மிஞ்ச வேண்டியிருந்தது. மெல்லிய துணித் திரைகள், எரிவாயு விளக்கு, பின்னால் இரும்புச் சட்டங்களில் கட்டி உயரத்தில் நிறுத்திய பெண்கள் எல்லாம் சேர்ந்து நிமிடக்கணக்கில் நகரும் காட்சி அது. அட்டையில் அசைவு ஏது? அச்சகம் தங்க மையைத் தேய்த்தது, வெள்ளித் தூளைத் தூவியது. பல அட்டைகளில் அந்தப் பளபளப்பு இன்றைக்குக் கறுத்துப்போய்விட்டது. அப்படிக் கறுத்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மேடை எப்படி மின்னியது என்று ஊகிப்பதைத் தவிர நமக்கு வழியில்லை.

நடிகர்கள் விஷயத்தில் அட்டைகள் இன்னும் விசித்திரமானவை. கதாநாயகன் வேடம் போட்ட பெண்ணை எல்லா ஓவியர்களும் ஒரே மாதிரிதான் வரைந்தார்கள்: இடுப்பில் கை, இறகு வைத்த தொப்பி, தொடைவரை தெரியும் இறுக்கமான காலுறை. கால் தெரியும்படி பெண் தெருவில் நடக்க முடியாத காலத்தில், ஆண் வேடம் என்ற சாக்கில் குடும்பத்தோடு பார்க்க அனுமதித்த ஒரே இடம் அது. ஓவியர்கள் அந்த அனுமதியைத் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் முகம் யாருடையது என்று அட்டையை வைத்துச் சொல்வது பல நேரம் கடினம். ஆண் போட்ட கிழவி வேடம் இதற்கு நேர்மாறு. அங்கே முகம்தான் எல்லாம். டேன் லீனோ குள்ளமான மெலிந்த உடல்காரர், வளைந்த புருவம், காதுக்குக் காது வாய். ஹெர்பர்ட் கேம்பல் மலை மாதிரி ஆள். 1888-இலிருந்து 1903-04 பருவம்வரை ட்ரூரி லேனில் லீனோ நடித்தார், கேம்பல் அவருக்கு இணை. 1897-இல் 'காட்டில் குழந்தைகள்' கதையில் இவர்கள் இருவரும்தான் அந்தக் குழந்தைகள். எந்த ஓவியருக்கும் கசக்காத ஜோடி. இரண்டு கோடுகளில் கேம்பலின் வயிறு, ஒரு வளைவில் லீனோவின் வாய், அவ்வளவு போதும், லண்டனில் எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். இருவரும் 1904-இலேயே சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். அந்த டிசம்பர் 26-உம் திங்கட்கிழமைதான். 'வெள்ளைப் பூனை' என்ற நாடகத்துக்கு ட்ரூரி லேன் திரை தூக்கியபோது அந்த இரண்டு முகங்களும் இல்லை.

மிக இனிமையான அட்டைகள் என்று இன்று விலைபோகிறவை குழந்தைத் தேவதைகள் உள்ளவை. ரோஜா இதழிலிருந்து எட்டிப் பார்க்கும் பிஞ்சு முகங்கள், காளான் குடைக்கடியில் வரிசையாக நிற்கும் குட்டிச்சாத்தான்கள். அவை கற்பனை அல்ல. அப்படிக் குழந்தைகள் உண்மையிலேயே மேடையில் நின்றார்கள். பெரிய அரங்குகள் பருவத்துக்கு நூற்றுக்கணக்கில் குழந்தைகளை வேலைக்கு எடுத்தன. ஏழை வீடுகளின் குளிர்கால வருமானம் அது. நாடகம் நான்கைந்து மணி நேரம் ஓடும், பல நாட்களில் இரண்டு காட்சி. முடிந்தபின் நள்ளிரவில் அந்தக் குழந்தைகள் நடந்து வீடு போனார்கள். 1889-இல் வந்த குழந்தைகள் கொடுமைத் தடுப்புச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டவர்களை மேடையேற்றத் தடை விதித்தது. ஏழு முதல் பத்து வயதுவரை உள்ளவர்களுக்கு உரிமம் வாங்க வேண்டும் என்றது. பெண்கள் வாக்குரிமைக்காகவும் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட் போன்றவர்கள் கட்டுப்பாட்டுக்காகப் போராடினார்கள். ஆலிஸ் கதை எழுதிய லூயிஸ் கரோல் எதிர்த்தரப்பில் நின்று, மேடைக் குழந்தைகள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள் என்று பத்திரிகைக்கு எழுதினார். நான் ஃபாசெட்டின் பக்கம். அட்டையில் 'குழந்தைகளுக்கு அரைக் கட்டணம்' என்று அச்சிட்ட வரிக்குச் சற்று மேலே, அரைக் கட்டணம்கூடக் கொடுக்க வழியில்லாத வீட்டுக் குழந்தை சிறகு கட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரே அட்டையில் இரண்டு விதக் குழந்தைப் பருவம் இருப்பதைக் கவனித்தபின் அந்தப் படங்களை என்னால் வெறும் அழகாகப் பார்க்க முடிவதில்லை.

அட்லாண்டிக்குக்கு அப்பாலும் இந்த அட்டைகள் ஏராளம், அங்கே அவற்றின் குணமே வேறு. 1868 மார்ச்சில் நியூயார்க்கின் ஒலிம்பிக் அரங்கில் ஜார்ஜ் எல். ஃபாக்ஸ் 'ஹம்ப்டி டம்ப்டி'யை அரங்கேற்றினார். 483 காட்சிகள் ஓடியது. ஃபாக்ஸ் 1877-இல் மனநிலை பாதிக்கப்பட்டு இறந்தார். ஆனால் ஹம்ப்டி டம்ப்டி நிற்கவில்லை. டோனி டெனியர் போன்றவர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஊர் ஊராகப் போகும் குழுவுக்கு முன்கூட்டியே போய்ச்சேரும் அட்டை தேவை. 1876-இல் பிலடெல்பியா கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவெங்கும் கடைக்காரர்கள் வண்ண விளம்பர அட்டைகளைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நாடகக் குழுக்களும் அதே அளவில், அதே பாணியில் அச்சிட்டன. மான்செஸ்டரிலிருந்து வந்த கழைக்கூத்துச் சகோதரர்களான ஹேன்லன்கள் 1884-இல் 'ஃபேன்டாஸ்மா'வையும் 1890-இல் 'சூப்பர்பா'வையும் போட்டார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கொஹாசெட் என்ற கடலோர ஊரில் தங்கள் மேடைத் தந்திரங்களைச் செய்து பார்ப்பதற்கென்றே இடம் வைத்திருந்தார்கள். அவர்களின் அட்டைகளில் பூதங்கள், விழுங்க வரும் மீன், மறையும் மனிதர்கள் எல்லாம் உண்டு. வழக்கமாக அட்டை மிகைப்படுத்தும். ஹேன்லன்கள் விஷயத்தில் மேடை அட்டைக்கு அருகிலேயே வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன், பழக்கப்பட்ட கழைக்கூத்தாடிகளின் உடல் அவர்களிடம் இருந்தது.

அச்சிட்ட வாக்குறுதி என்று சொல்லும்போது சிகாகோவின் இரோக்வாய் அரங்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1901-இல் ட்ரூரி லேன் 'புளூ பியர்ட்' கதையைப் பேன்டமைமாகப் போட்டது. அதில் சிஸ்டர் ஆன் என்ற பெண் வேடம் லீனோவுக்கு. அந்த நாடகத்தை அமெரிக்காவுக்கு வாங்கிப்போய் 'மிஸ்டர் புளூபியர்ட்' என்று நடத்தினார்கள். லீனோவின் வேடம் நகைச்சுவை நடிகர் எடி ஃபோய்க்குப் போனது. 1903 நவம்பரில் திறந்த புத்தம்புது இரோக்வாய் அரங்கில் அது ஓடியது. நிகழ்ச்சித் தாளில் அரங்கத்தைப் பற்றி 'முற்றிலும் தீப்பிடிக்காதது' என்று அச்சிட்டிருந்தார்கள். டிசம்பர் 30, புதன்கிழமை, பள்ளி விடுமுறை, மதியக் காட்சி. தாய்மார்களும் பிள்ளைகளும் நிறைந்த அரங்கில், வில்விளக்கு என்ற மின்விளக்கு ஒன்றின் பொறி துணித் திரையில் பற்றியது. ஃபோய் பாதி ஒப்பனையோடு மேடைக்கு ஓடிவந்து, அமைதியாக இருங்கள் என்று மன்றாடினார். தீயைத் தடுக்கும் பாதுகாப்புத் திரை முழுதும் இறங்கவில்லை. பல கதவுகள் பூட்டியிருந்தன, சில உள்பக்கமாகத் திறப்பவை. அறுநூறு பேருக்கும் மேல் இறந்தார்கள். விளம்பர எழுத்தை நான் ஆர்வத்தோடு படிப்பவன். அந்த இரண்டு சொல்லைப் படிக்கும்போது மட்டும் கோபம்தான் வருகிறது. படத்தில் இருக்கும் பூதமும் தேவதையும் பொய் என்று எல்லோருக்கும் தெரியும், அதில் யாருக்கும் கேடு இல்லை. பொடி எழுத்தை மக்கள் நம்புகிறார்கள். மணியை, கட்டணத்தை, ரயிலை நம்புவது மாதிரியே அதையும் நம்பினார்கள்.

இவ்வளவு அட்டைகள் நமக்கு மிஞ்சியதற்குக் காரணம் இரண்டு தரப்பு. ஒன்று, வண்ணப் படம் எது கிடைத்தாலும் ஆல்பத்தில் ஒட்டிவைத்த வீட்டுப் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் முகத்தைக் காப்பாற்றினார்கள், முதுகைப் பசையில் தொலைத்தார்கள். ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுத்த அட்டையின் பின்னால் தாள் கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே இருந்த மணியும் கட்டணமும் போயே போய்விட்டன. இன்னொரு தரப்பு, ஒட்டாமல் சேர்த்தவர்கள். ஹென்றி எவானியன் என்று ஒரு மந்திரவித்தைக்காரர் லண்டனில் இருந்தார். தெருவில் கொடுக்கும் நோட்டீஸ், அரங்க அட்டை, பொருட்காட்சித் துண்டுத்தாள் எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். கையில் காசில்லாமல் போன காலத்தில், 1895-இல், ஏறத்தாழ ஐயாயிரம் தாள்களைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றார். இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் எவானியன் தொகுப்பு என்ற பெயரில் இருக்கின்றன. 1904-இல் லண்டன் வந்திருந்த புகழ்பெற்ற மந்திரவித்தைக்காரர் ஹூடினியைப் பார்க்க, வயதான எவானியன் ஒரு பொட்டலத்தோடு ஹோட்டலில் நெடுநேரம் காத்திருந்தார். அதைப் பிரித்துப் பார்த்த ஹூடினி, உடம்பு சரியில்லாமல் படுக்கச் சொல்லியிருந்தும், மறுநாளே அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு எவானியன் இறந்தார்.

கேப்ரியேல் என்தோவன் தன் நாடகத் தாள் சேகரிப்பை 1924-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, தானே அங்கு உட்கார்ந்து வருடக்கணக்கில் வகைப்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ஜான்சன் இளம் வயதில் எகிப்தின் பழங்காலக் குப்பைமேடுகளில் பாப்பிரஸ் தாள்களைத் தோண்டியெடுத்தவர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய குப்பையை இப்படித் தேடுகிறோமே, நம் காலத்துக் குப்பையை யார் சேர்க்கிறார்கள் என்ற கேள்வி அங்குதான் அவருக்கு வந்தது. பல்கலைக்கழக அச்சகத்தின் பொறுப்பாளராக இருந்துகொண்டே, குப்பைக் கூடைக்குப் போகும் அச்சுத்தாள் எல்லாவற்றையும் சேர்த்தார். 1968-இல் அது போட்லியன் நூலகத்துக்கு வந்தது. அந்தத் தொகுப்பில் நாடக, பேன்டமைம் தாள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றில் கணிசமானவற்றை எண்மப்படுத்தியிருக்கிறார்கள்.

தனியார் விற்பனைத் தளங்கள் பலவும் சில காப்பகங்களும் இன்றைக்கும் அட்டையின் படப் பக்கத்தை மட்டுமே ஸ்கேன் செய்து ஏற்றுகின்றன. பின்பக்கம் காலி என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். என்னிடம் கேட்டால் இரண்டு பக்கத்தையும், நான்கு ஓரங்களையும் வெட்டாமல் ஏற்ற வேண்டும். அச்சகத்தின் பெயர் கீழ் ஓரத்தில் எறும்பு அளவில் இருக்கும், சட்டத்துக்குள் பொருத்துவதற்காக முதலில் வெட்டுவது அதைத்தான். உங்கள் கையில் எங்காவது இப்படி ஒரு அட்டை, ஆல்பத்தில் ஒட்டிய நிலையில் கிடைத்தால், தயவுசெய்து பிய்க்காதீர்கள். ஈரப்பதம் கொடுத்துப் பசையை இளக்கத் தெரிந்த தாள் பாதுகாப்பாளர்கள் இருக்கிறார்கள். அதுவரை ஆல்பத்தோடு அப்படியே இருக்கட்டும்.